மெயின் ரோடு அகன்ற வருஷம்

ஓடைச்செவலில் ஒரு நாள் மெயின் ரோடு அகல ஆரம்பித்தது. ஏன் அகன்றது என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை, நடைதான் கிடைத்தது. ஆனால் எப்போது ஆரம்பித்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஹாக்கி லீக் செயலாளர் சீனிராஜ் அண்ணாச்சி, ஊர் வரைபடத்தில் மெயின் ரோட்டு மேலேயே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் 'மேற்குப் பிரிவு' என்றும் அந்தப் பக்கம் 'கிழக்குப் பிரிவு' என்றும் எழுதி, மை காயட்டும் என்று வாயால் ஊதினாரே, அப்போது.

ஊர் பெரிய ஊர் இல்லை. கரிசல் மண், தீப்பெட்டி ஆபீஸ்கள், கடலைமிட்டாய்க் கம்பெனிகள், நடுவே வடக்கு தெற்காக மெயின் ரோடு, ரோடு தெற்கே போய் முட்டுகிற இடத்தில் ஹாக்கி மைதானம், அவ்வளவுதான். மைதானத்தின் சென்டர் லைனும் ரோட்டின் நடுவெள்ளைக் கோடும் ஒரே நேர்கோடு; ஒரு கோல் போஸ்ட் கிழக்கே, ஒரு கோல் போஸ்ட் மேற்கே, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுகிற வழக்கமும் இங்கே கிடையாது. தெருவுக்கு ஒரு கிளப் என்று எட்டு கிளப். ஆட்டக்காரர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற லீக் அது. எட்டு டீமும் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப மோதி, இவன் இடது பக்கம் திரும்புவதற்கு முன் மூக்கைச் சொறிவான், அவன் கார்னர் அடிப்பதற்கு முன் மனைவியைப் பார்ப்பான் என்கிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் மனப்பாடம் செய்துவிட்டதால், எந்த ஆட்டமும் டிராவைத் தாண்டிப் போகவில்லை, பார்க்க வந்தவர்கள் துண்டை விரித்துத் தூங்கினார்கள். அதனால் லீக்கை மாற்றிக் கட்டுவது என்று கமிட்டி கூடியது. அண்ணாச்சி எங்கோ ஒரு பெரிய போட்டியைப் பார்த்துவிட்டு 'டிவிஷன்' என்ற சொல்லோடு வந்திருந்தார். ஆனால் தமிழ் மேல் பிரியமுள்ள மனுஷன். அதைப் பிரிவு என்று ஆக்கினார்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் வாயைத் திறந்தது. கோமு. பதினேழு வயசு. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்துவிட்டவள். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் "உக்கார முடியல" என்று மட்டும் சொன்னாள், அது உண்மையும்கூட. பகலில் அண்ணாச்சி கம்பெனியில் கடலைமிட்டாய் பொட்டலம் போட்டாள், சாயங்காலம் விசிலை மாட்டிக்கொண்டு அம்பயராக ஓடினாள். ஒரு தடவை மேற்கே இருக்கிற தன் சொந்தத் தெருவுக்கு எதிராகவே பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், அம்மா சோறு போடாமல் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்து, தானே போட்டுத் தின்றவள். அதிலிருந்து கிழக்கே உள்ளவர்களும் அவள் விசிலை நம்பினார்கள்.

"எட்டு டீமுக்கு எதுக்கு அண்ணாச்சி ரெண்டு பிரிவு?"

"பிரிச்சாத்தாம்மா பிளே-ஆஃப் வரும். கிழக்க உள்ளவன் கிழக்கயே ஆடுவான், மேற்க உள்ளவன் மேற்கயே ஆடுவான், கடைசி ஃபைனல்லதான் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். கண்ணுல படாம இருந்தாத்தான ஒரு ஆவல் வரும்?"

"அப்ப மொதல்ல நீங்களும் மதினியும் அப்படி இருந்து பாருங்க. ஆவல் வந்தா ஊருக்குச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஊதுகிறவள் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டார்.

கோமுவின் அம்மா செண்பகத்துக்கு அந்தச் சொல்தான் பிடிக்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் பெயின்டர் பிரிவு, பிரிவு என்று பெரிசாக எழுதியதைப் பார்த்துவிட்டு, "ஊரு பூரா கல்யாணமும் வளைகாப்புமா இருக்கு, செவுத்துல போயி இந்த வார்த்தையவா எழுதுவாங்க? டிவிஷன்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள். பின்னால் ஊரே அதைத்தான் சொன்னது. இங்கிலீஷில் எழுதியிருந்தால் ரோடு கண்டுகொண்டிருக்காது, அதற்கு நம்ம வார்த்தைதான் புரிந்திருக்கிறது என்று.

முதல் நாள், எதிர்க்கடைக்காரரிடம் சில்லறை கேட்க இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. அடுத்து கத்தியும் பயனில்லாமல் கையை ஆட்டினார்கள், அப்புறம் கையும் தெரியாமல் கடைகள் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தன, அதற்கப்புறம் அந்தப் பக்கம் இருப்பது அடுப்புப் புகையை வைத்துத்தான் தெரிந்தது. தாரில் ஒரு விரிசல் இல்லை. நடுவெள்ளைக் கோடும் நடுவிலேயே, மரியாதையாக நின்றது. காலையில் இந்தப் பக்கம் இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தப் பக்கம் ஏறலாம். நடந்து போனாலும் அதே நேரம், மோட்டார் சைக்கிளில் போனாலும் அதே நேரம், அதனால் பெட்ரோலைக் கெடுப்பானேன் என்று எல்லாரும் நடந்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து டேப்பைப் பிடித்தார்கள். டேப் தீர்ந்தது. 'சாலை நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஊர் இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. அந்தோணி என்பவர் நடுவெள்ளைக் கோட்டு மேலேயே டீக்கடை போட்டார், கிழக்கே இருந்து வருகிறவனுக்கும் மேற்கே இருந்து வருகிறவனுக்கும் சரியாக அங்கேதான் பசித்தது. மேற்கே கறந்த பால் கிழக்கே போய்ச் சேரும்போது தயிராகிவிட்டதால், தயிர் வேண்டும் என்கிறவர்கள் பாலாகவே அனுப்பச் சொன்னார்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று தலைமுறையாகச் சண்டை போட்ட இரண்டு குடும்பங்கள், வசவுகளை ஆள் மூலமாகச் சொல்லியனுப்ப ஆரம்பித்தன. வசவு போய்ச் சேர்ந்து பதில் வசவு வருவதற்குள் எதற்குத் திட்டினோம் என்பது மறந்துபோய், "நல்லா இருக்காங்களான்னு கேட்டு வா" என்று முடிந்தது. வடக்கே இருந்து வருகிற பஸ், அகன்ற ரோட்டின் நடுவில் ஒரு எறும்பு மாதிரி வந்து நிற்கும்; இறங்குகிறவர்கள் கிழக்கா மேற்கா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, பல பேர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு முடிவை எடுத்தார்கள். அண்ணாச்சியின் மனைவி, கிழக்கே தங்கச்சி வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அண்ணாச்சி வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சதையும் போட்டார்.

ரோடு சுருங்கவும் செய்யும் என்பது லீக் தொடக்க விழாவில் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் விருந்தாளிகளுக்காகக் கிழக்கும் மேற்கும் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுவது என்று ஏற்பாடு. இரண்டு டீமும் அரை நாள் நடந்து சென்டர் லைனுக்கு வந்து சேர்ந்தார்கள், கோமு விசிலை ஊதினாள், அடிவானத்தில் நின்ற இரண்டு கோல் போஸ்ட்டும் பிள்ளைகள் மாதிரி ஓடி வந்து பழைய இடத்தில் நின்றன. ரோடும் அப்படியே பழைய ரோடானது. கிழக்கும் மேற்கும் மோதுகிற வரைக்கும்தான் அந்தக் காட்சி. கடைசி விசில் ஊதியதும் மறுபடி கோல் போஸ்ட்டுகள் ஆளுக்கொரு திசையில் கிளம்பின, கொத்தமல்லி வாங்க எதிர்ப்பக்கம் போனவர்கள் மறுநாள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சரி, நீளுது சுருங்குது, பழகிக்கொண்டால் போகிறது என்று ஊர் இருந்துவிடும். கோமுவால் இருக்க முடியவில்லை. காரணம் அவள் அக்கா இசக்கி.

இசக்கியைக் கிழக்கே கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை அய்யாத்துரை, கீழபஜார் கிளப்பின் கோல்கீப்பர், நல்ல மனுஷன், வீட்டிலும் கதவை மறித்தே நிற்பார். இசக்கிக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாசம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு பகல் பூரா தார் ரோட்டில் நடக்க முடியுமா? பிரசவ ஆஸ்பத்திரி கிழக்கேதான் இருக்கிறது, பேசாமல் இங்கேயே இரு என்று அய்யாத்துரை வீட்டில் சொன்னார்கள். "அம்மா பக்கத்துல இல்லாம நான் பெத்துக்கிட மாட்டேன்" என்று இசக்கி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், ஏதோ பிள்ளை அவள் சொல்கிற வரைக்கும் உள்ளேயே காத்திருக்கும் என்கிற மாதிரி. அம்மா கிழக்கே போய் இருக்கலாமே என்றால், "சம்பந்தி வீட்டுல போயி உக்காந்து சோறு திங்க நான் என்ன வக்கத்தவளா? எம்மவ எம்வீட்டுக்கு வரணும், அதான் மொறை" என்று செண்பகம் முந்தானையை உதறினாள். ஏழாம் மாசம் போய் எட்டாவது பிறந்தது. கோமுவுக்கு ராத்திரி ஆனால் அக்கா படுத்த பாயின் காலி இடம்தான் கண்ணில் பட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டிக்குப் போய்க் கத்தினாள்.

கத்தல் தாங்காமல் அண்ணாச்சி பிரிவுகளை மாற்றிப் போட்டார். வரைபடக் கோட்டை அழித்துவிட்டு, கிளப் ஆபீஸ் இருக்கிற கதவு எண்ணைப் பார்த்து ஒற்றைப்படைப் பிரிவு, இரட்டைப்படைப் பிரிவு என்றார். மெயின் ரோடு கதவு சாத்துகிற மாதிரி படார் என்று மூடிக்கொண்டது. ஊர் சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள், ஒரே சுவரைப் பகிர்ந்து நின்ற பக்கத்துப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒற்றை இரட்டை பார்த்து விலக ஆரம்பித்தன. முன்கதவுக்கு ஒரு நம்பரும் பின்கதவுக்கு ஒரு நம்பரும் வைத்திருந்த ஒரு வீட்டில், கூடத்தில் உட்கார்ந்து காபி கேட்டவருக்கு அடுக்களையிலிருந்து மறுநாள் வந்தது. இசக்கி வீடு இரட்டை, செண்பகம் வீடு ஒற்றை. ஒன்றும் மாறவில்லை.

"அப்ப பிரிவே வேண்டாம், பழைய மாதிரி எட்டு டீமுக்கும் ஒரே டேபிள் போடுங்க" என்றாள் கோமு.

போட்டார். அவ்வளவு நாள் விலகி நின்ற ஊர் அந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு நெருங்கியது. பின்கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சாமி அறை; ஒருத்தர் தும்மினால் எட்டு வீட்டில் நூறு சொன்னார்கள்; எந்த அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று தெரியாமல் எல்லாரும் எல்லா அடுப்பையும் அணைத்தார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அந்த ஆள் அங்கேயே நிற்கிறார் என்பதைத்தான் ஓடைச்செவலால் பொறுக்க முடியவில்லை. செண்பகத்தின் அடுக்களையும் சம்பந்தியம்மாளின் அடுக்களையும் ஒன்றாகிவிட்டன. மகளைக் கூட்டி வர வேண்டிய வேலையே இல்லை, பக்கத்திலேயே நிற்கிறாள் என்று செண்பகம் சிரித்த சிரிப்பு, மீன்குழம்பு கொதிக்கிற வரைக்கும்தான் நீடித்தது.

"உங்க வீட்டுல புளிய இப்படித்தான் கரைப்பாங்களா?" என்றார் சம்பந்தியம்மாள்.

"எங்க வீட்டுல மீனையே கழுவித்தான் போடுவோம்" என்றாள் செண்பகம்.

அந்தச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்டது, எல்லா வீடும் அங்கேதானே இருந்தது. ஊரே திரண்டு போய், பழைய கிழக்கு மேற்கையே போடுங்கள், கொஞ்சம் மூச்சு விடணும் என்று கெஞ்சியது. அண்ணாச்சியும் யாருக்கும் சொல்லாமல் சிவப்புப் பேனாவை எடுத்துக் கோட்டை இழுத்துவிட்டார். இழுத்த நேரத்தில் இசக்கி, குழம்புக்கு உப்பு எடுக்கிறேன் என்று அடுக்களையின் கிழக்குப் பாதிக்குப் போயிருந்தாள். உப்போடு போனவள் போனவள்தான்.

இப்போது ஒன்பதாம் மாசம். கோமு கடைசியாக ஒரு யோசனையோடு போனாள்.

"அண்ணாச்சி, பிரிவு இருந்துட்டுப் போகட்டும். பிளே-ஆஃப மாத்துங்க. ஃபைனல் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது. கிழக்க மொதல்ல வந்த டீமும் மேற்க ரெண்டாவதா வந்த டீமும் இந்த வாரமே செமி ஃபைனல்ல மோதட்டும். அது நடக்கும்போது ரோடு சுருங்கும். எங்க அக்கா வந்துருவா."

"அட்டவணை அச்சாயிருச்சேம்மா."

"அச்சானது உங்க கம்பெனி பொட்டலத்துக்கு ஆவும். குடுங்க, நானே சுருட்டித் தாரேன்."

அண்ணாச்சி ஒத்துக்கொண்டதற்குக் கோமுவின் வாய் மட்டும் காரணம் இல்லை. மீன்குழம்புக்குப் பிறகு இரண்டு சம்பந்திகளும் அவரைத் திட்டி நாள் தவறாமல் ஆள் அனுப்பினார்கள். கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று. மனுஷன் டீ குடிக்கக்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை.

ஆட்டத்தன்று கிழக்கின் கீழபஜார் கிளப்பும் மேற்கின் தெப்பக்குளம் கிளப்பும் நடந்து வந்து சென்டர் லைனில் நின்றன. கோமு இசக்கிக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்: விசில் கேட்டதும் கிளம்பு. அம்மாவிடமும் சொல்லியிருந்தாள்: நீ வீட்டுல இரு, அவ வருவா, ஜெபமணி நர்ஸக்காவையும் வரச் சொல்லியிருக்கேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்பது அம்பயருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசில். கோல் போஸ்ட்டுகள் ஓடி வந்தன, ரோடு சுருங்கியது, ஊர் இரண்டு பக்கமும் கூடை கூடையாக ரோட்டில் இறங்கியது. மைதானத்தில் ஆட்டம் பார்க்க ஆள் இல்லை. அண்ணன் தம்பியைப் பார்க்கப் போகிறவர்கள், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போகிறவர்கள், சும்மா எதிர்ப்பக்கம் நின்று தங்கள் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்க்கப் போகிறவர்கள். வராதது இசக்கி மட்டும்தான். முதல் குவார்ட்டரில் அவள் கிழக்குக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கால அகட்டி நிக்காதீங்க! அந்த ஓட்ட வழியா பஸ்ஸே போவும்!"

"நீ போ இசக்கி, ஒங்க அம்மா வீட்டுக்குப் போ" என்று அய்யாத்துரை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கெஞ்சினார்.

"ஒரு கோல் வாங்கிக்கிட்டு நீரு அழுவீரு. இருந்துட்டுத்தான் போவேன்."

ஒரு கோல் வாங்கினார். அப்புறம் கீழபஜார் இரண்டு போட்டது. கடைசிக் குவார்ட்டரில்தான் இசக்கி கிளம்பினாள். கோமு ஒரு கண்ணைப் பந்திலும் ஒரு கண்ணை ரோட்டிலும் வைத்து ஓடினாள். அக்கா மஞ்சள் சேலையில் மெதுவாக ஆடி ஆடி வந்தாள், அந்தோணி கடையில் நின்றாள், ஒரு பஜ்ஜி வாங்கினாள், எண்ணெய் சரியில்லை என்று அவரிடம் விசாரித்தாள், இன்னொன்று வாங்கினாள். மஞ்சள் சேலை வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. மேற்குப் பக்க நடைபாதையில் காலைத் தூக்கி வைத்தது. ஏறிவிட்டாள்! கோமு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள்.

மேஜையில் கடிகாரம் பார்க்க வேண்டியவர் அண்ணாச்சி. அவர் அந்த நேரம், ரோட்டைத் தாண்டித் தன்னை நோக்கி வருகிற ஒரு உருவம் தன் மனைவியா இல்லையா என்று எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், விசில் கேட்டதும் சரி, முடிந்தது போல என்று எழுதிக்கொண்டார். கீழபஜார்காரர்கள் கேப்டன் செல்லச்சாமியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேற்குக் கோல் போஸ்ட்டைச் சுற்றி ஆடினார்கள். கிழக்குக் கோல் போஸ்ட், அதில் சாய்ந்து கால் பேடைக் கழற்றிக்கொண்டிருந்த அய்யாத்துரையோடு, தூரத்துக்குக் கிளம்பிப் போனது.

மேற்குக் கோல் பக்கம் நின்ற கோமு வீட்டுக்கு ஓடினாள். வாசல்படியில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரும் இல்லை.

"அம்மா எங்கட்டி?" என்றாள் இசக்கி.

"என்னயக் கேக்க? வீட்டுல இருக்கச் சொன்னேனே."

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள். பிள்ளைத்தாச்சி தானாக நடந்து வரக்கூடாது, பெத்தவள் போய்த்தான் கூட்டி வரணும், அதான் முறை என்று சொல்லி, செண்பகம் புதுச் சேலையும் வளையலும் எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் பக்கமாக ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாளாம். ஜெபமணி நர்ஸும் அவளோடுதான். தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று.

இசக்கி சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் முகம் மாறியது. படிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கோமு. ஏட்டி. வலிக்கி."

ஆஸ்பத்திரி ஒரு பகல் தூரம். அம்மா ஒரு பகல் தூரம். நர்ஸ் ஒரு பகல் தூரம். மூன்றையும் அந்தத் தூரத்துக்கு அனுப்பியது யார் என்று கோமு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாலாவது குவார்ட்டர் முடிய எவ்வளவு பாக்கி இருந்தது என்பது, கடிகாரத்தைப் பார்க்காவிட்டாலும், ஓடி ஓடிப் பழகிய அவள் காலுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆட்டோவைக் கூப்பிட்டு இசக்கியை ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.

கீழபஜார்காரர்கள் மேற்குப் பக்கமே மாட்டிக்கொண்டு, ஜெயித்த சந்தோஷமும் இனி வீட்டுக்கு ஒரு பகல் நடக்க வேண்டுமே என்கிற கடுப்புமாக ஸ்டிக்கைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். தெப்பக்குளம்காரர்கள் தோற்ற முகத்தோடு ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் போகாதீங்க. ஆட்டம் முடியல. நான் தப்பா ஊதிட்டேன். ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"ஆமா ஆமா, எனக்குக்கூட அப்பமே தோணிச்சி" என்று தெப்பக்குளம் கேப்டன் மாடசாமி கழற்றிய ஷூவை வேகமாக மாட்ட ஆரம்பித்தான்.

செல்லச்சாமி முன்னால் வந்தான். "ஏட்டி, அம்பயர் ஊதினா ஊதினதுதான்னு ஊருக்கே பாடம் எடுப்பியே, அது யாரு?"

"நாந்தான். இப்பச் சொல்லுததும் நாந்தான். எங்க அக்கா ரோட்டத் தாண்டிட்டாளான்னு பாத்தேன், மணியப் பாக்கல. அக்காவுக்கு வலி எடுத்துருச்சி. ஆஸ்பத்திரி ஒங்க பக்கம் இருக்கு, அம்மாவும் அங்க இருக்கா. நாளைக்கு விசில வாங்கிக்கோங்க, இனிமே ஊத வேண்டாம்னு எழுதுங்க. இந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் குடுங்க."

அவள் கெஞ்சி அங்கே யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் செல்லச்சாமி ஆட்டக்காரன். "கோல்ல ஆளு இல்ல பாத்துக்கோ. அய்யாத்துரை அங்க எங்கியோ பேட கழத்திக்கிட்டு நிக்கான். இவனுங்க ரெண்டு நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டுருவானுங்க. ஜெயிச்ச மேட்ச நான் எதுக்குக் குடுக்கணும்?"

"குடுக்க வேண்டாம்னா நடந்து போ, அண்ணே. காலையில கெளம்பினா சாயங்காலம் வீடு."

செல்லச்சாமி மேற்குக் கோல் போஸ்ட்டிலிருந்து கிழக்கே பார்த்தான். தார் ரோடும் கரிசலும் கானலாகி எங்கோ போய்க்கொண்டிருந்தன. அவன் டீமும் அதே திசையைப் பார்த்தது. ஒருத்தன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"அய்யாத்துரை பிள்ள வேற" என்றான் செல்லச்சாமி, தானாக யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி. "சரி, ஊது."

ஊதினாள். கிழக்குக் கோல் போஸ்ட் ஓடி வந்தது. அய்யாத்துரை ஒரு காலில் பேடும் ஒரு காலில் செருப்புமாக அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ரோடு சுருங்கியது. ஆட்டோ இசக்கியோடு ரோட்டைத் தாண்டிப் பறந்ததையும், எதிரே கையில் வளையல் பொட்டலத்தோடு அலறிக்கொண்டு நின்ற செண்பகம் ஓடுகிற ஆட்டோவுக்குள் தாவியதையும், பின்னாலேயே ஜெபமணி நர்ஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடியதையும் கோமு பார்த்தாள். பந்து உருண்டு சைடு லைனைத் தாண்டி வெளியே போனது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். நேரம் நிறுத்தம்.

யாரும் பந்தை எடுக்கப் போகவில்லை. வெயில் இறங்கியது. கோமு அப்படியே நின்றாள், உட்கார முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள், நகராமல் நின்றாள். கை கனத்தது, தோள் எரிந்தது, கையை இறக்கினால் நேரம் ஓடிவிடும், நேரம் ஓடினால் ரோடு ஓடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாடசாமி ஒரு தடவை மெதுவாக, "ஆடலாமா?" என்று கேட்டுவிட்டு, தன் அம்மா கிழக்கே தங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேட்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் செண்பகம் வந்தாள். கூட சம்பந்தியம்மாளும். இரண்டு பேரும் ஒரு துணிச்சுருளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, யார் நல்லாப் பிடித்திருக்கிறார்கள் என்று தர்க்கம் செய்துகொண்டே மைதானத்தின் நடுவுக்கு வந்தார்கள்.

"பொட்டப்பிள்ள. இசக்கி நல்லாருக்கா. ஒன்னயத்தான் கேட்டா, பச்ச ஒடம்புக்காரி வர முடியாதுல்லா, அதான் கொண்டாந்தேன். டாக்டரு திட்டும், சீக்கிரம் பாரு."

கோமு கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தாள்.

"கையக் கீழ போடுட்டி. பிள்ளைய வாங்கு."

"முடியாதும்மா. எறக்கினா நேரம் ஆரம்பிச்சிரும்."

செல்லச்சாமி மாடசாமியைப் பார்த்தான். மாடசாமி செல்லச்சாமியைப் பார்த்தான். செல்லச்சாமி தன் ஸ்டிக்கைத் தரையில் படுக்க வைத்து அதன் மேல் உட்கார்ந்தான். மாடசாமியும் உட்கார்ந்தான். கீழபஜாரும் தெப்பக்குளமும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள், கடைசியில் அய்யாத்துரை, ஒரு காலில் பேடோடு, கோலை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"எறக்கு, தாயி" என்றான் செல்லச்சாமி. "ஆடினாத்தான ஓடும்?"

கோமு கையை இறக்கினாள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. ரோடு அசையவில்லை. பிள்ளையை வாங்கினாள், மரத்துப்போன கையில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் பயந்து, நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள், அது உடனே வீறிட்டது, அதன் பாட்டிகள் இரண்டு பேரும் ஒரே குரலில் அவளைத் திட்டினார்கள்.

அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. சுவரில் கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு எல்லாம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் கிழக்கு 2, மேற்கு 1, இரண்டு நிமிடம் பாக்கி என்று எழுதியிருக்கிறது. ஆடிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் கீழபஜார்காரர்களும் தெப்பக்குளம்காரர்களும் ஜெர்சியோடுதான் ரேஷன் கடைக்கும் துக்க வீட்டுக்கும் போகிறார்கள். யாராவது துபாய்க்கு வேலைக்குப் போனால் முறைப்படி மாற்று ஆட்டக்காரரை இறக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். பந்து சைடு லைனுக்கு வெளியே கிடக்கிறது. யாரோ அதற்குக் குங்குமம் வைத்தார்கள், கோமு துடைத்துவிட்டு, பந்து பந்துதான் என்று கத்திவிட்டுப் போனாள். தப்பாக ஊதியதற்குத் தண்டனையாக அவள் விசிலைப் பறிப்பது என்று கமிட்டி எழுதித்தான் வைத்தது, ஆனால் ஆட்டம் நடக்கும்போது அம்பயரை மாற்ற விதி இல்லையாம். அதனால் ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து, இவ்வளவு நாளாகியும் இரண்டு நிமிஷத்தை ஆட முடியவில்லையா, அப்படி என்ன அவசரமான வேலை உங்களுக்கு என்று கேட்டால், மெயின் ரோட்டைக் கொத்தமல்லியோடும் பாலோடும் வசவோடும் குறுக்கே தாண்டிக்கொண்டிருக்கிற ஓடைச்செவல்காரர்கள் நிற்காமலேயே பதில் சொல்கிறார்கள்:

"ஆடுவோம், ஆடுவோம். பிள்ள இப்பத்தான் தூங்குது."